தேரூர்ப் பக்கம் வெள்ளத்தில் நின்ற டீசல் கார்: இன்சூரன்ஸ் சர்வேயர் வரும்வரை எஞ்சினைத் தொடாமல் வைத்திருக்க வேண்டுமா?

குளத்தங்கரையான் | செவ்வாய், இரவு 10.15

வணக்கம். இரண்டு நாட்களாக விடாமல் பெய்யும் ஐப்பசி மழையில், இன்று மாலை ஆறரை மணியளவில், சுசீந்திரத்திலிருந்து தேரூருக்கு வரும் வழியில் என் கார் தண்ணீரில் நின்றுவிட்டது. 1,248 சி.சி. டீசல் எஞ்சின், வாங்கி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. குளமும் வயலும் ஒன்றாகிச் சாலையின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஒரு பைக் கடந்து போய்விட்டதைப் பார்த்து நானும் முதல் கியரில் மெதுவாக இறக்கினேன். முன் சக்கரத்தின் பாதிக்கும் சற்றுக் கீழேதான் தண்ணீர் இருந்தது. அப்போது எதிரே ஒரு பேருந்து வேகத்தைக் குறைக்காமல் வந்தது. அது எழுப்பிய அலை பானெட்டின் மேல் ஏறி வைப்பர் வரை வந்ததைக் கண்ணால் பார்த்தேன். மறுநொடி "டக்" என்று ஒரு சத்தம், எஞ்சின் நின்றது.

பதற்றத்தில் சாவியை ஒருமுறை திருப்பிவிட்டேன். மறுபடியும் ஒரு "டக்", அதற்கு மேல் சுற்றவில்லை. அதன்பிறகு சாவியைத் தொடவில்லை. பக்கத்து வாழைத்தோட்டத்தில் நின்றவர்கள் நால்வர் இறங்கித் தள்ளிக் கொடுத்ததால் வண்டி இப்போது மேட்டில் நிற்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டேன்.

இன்சூரன்ஸ் உதவி எண்ணில் பேசியபோது, மழையால் புகார்கள் குவிந்திருப்பதாகவும், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வர நான்கைந்து நாட்கள் ஆகலாம் என்றும், அதுவரை வண்டியை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்றும் கூறினார்கள். தெருமுனை மெக்கானிக்கோ, நான்கு நாள் தண்ணீர் உள்ளே நின்றால் எஞ்சினை எடைக்குத்தான் போட வேண்டியிருக்கும் என்கிறார். ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது. சென்ற முறை புதுப்பிக்கும்போது எஞ்சின் சேதத்துக்கான கூடுதல் காப்பீடான எஞ்சின் புரொடெக்ட் மட்டும் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். யார் சொல்வதைக் கேட்பது?

பதினாலு பதினைந்து | செவ்வாய், இரவு 11.02

மார்த்தாண்டத்தில் டீசல் வேலை பார்ப்பவன் நான். 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் ஷெட்டில் இந்த வேலைதான் மாதக்கணக்கில் நடந்தது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், உள்ளே என்ன நடந்திருக்கும் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 312 சி.சி.; கம்ப்ரெஷன் விகிதம், அதாவது பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு நசுக்குகிறது என்பது, 17.6:1. கணக்குப் போட்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கு மேலே மிஞ்சும் இடம் 19 மில்லிக்குச் சற்றுக் குறைவு. இருமல் மருந்து பாட்டிலின் 10 மில்லி மூடியால் இரண்டு மூடி தண்ணீர் அளந்து பாருங்கள், அவ்வளவுதான். காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. அந்த அளவுக்கு மேல் தண்ணீர் புகுந்துவிட்டால் பிஸ்டனுக்கு மேலே ஏற இடமில்லை. சுற்றிக்கொண்டிருக்கும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரமோ நிற்காமல் தள்ளும். பிஸ்டனைச் சுழலும் தண்டுடன் இணைத்து, இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட கனெக்டிங் ராடுதான் வளைய வேண்டும். 1,200 சி.சி. நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், விகிதம் 11:1 என்றால், அந்த இடம் 30 மில்லி வரை இருக்கும். டீசல் வண்டிகள் இதில் முதலில் அடிபடுவதற்கு இதுதான் காரணம்.

நீங்கள் கேட்ட முதல் "டக்" அதுதான் என்று நினைக்கிறேன். இரண்டாவது "டக்" ஸ்டார்ட்டர் மோட்டார் முட்டி நின்ற சத்தம். ஸ்டார்ட்டரின் சக்தி மட்டும் ராடை வளைப்பது அரிது; இரண்டு மூன்று முறை விடாமல் அடித்து, தண்ணீர் புகாத வேறு ஒரு சிலிண்டர் பற்றிக்கொண்டால்தான் பெரிய சேதம் வரும். ஒருமுறையுடன் நிறுத்தியது நல்லது.

இப்போது ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் இருந்தால்தான் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது தண்ணீர் புகுந்தபின் ஓடிய எஞ்சினுக்குத்தான் பொருந்தும். புகுந்த உடனே நின்றுவிட்டால் தண்ணீர் கலங்காமல், எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்பின் அடியில் தங்கிவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாகவே தெரியும், மட்டம் மட்டும் கூடியிருக்கும். ஆகவே நிறத்தை நம்பாமல் மட்டத்தைப் பாருங்கள். பிறகு ஏர் ஃபில்ட்டர் பெட்டியின் மூடியைத் திறந்து, ஃபில்ட்டர் நனைந்திருக்கிறதா என்று போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு நாள் வைத்திருப்பது பற்றிய கேள்விக்கு என் பதில்: கூடாது. இரும்பு சிலிண்டர் சுவரில் துரு பிடிக்க ஓர் இரவே அதிகம். அதுவும் வயல் தண்ணீரில் வண்டல் கலந்திருக்கும்.

ரப்பர் பால் | புதன், காலை 6.20

குலசேகரத்திலிருந்து எழுதுகிறேன். அண்ணன் சொன்ன எஞ்சின் விவரமெல்லாம் சரியாக இருக்கலாம், ஆனால் திறந்தீர்கள் என்றால் கம்பெனிக்காரன் கையை விரித்துவிடுவான். என் மைத்துனர் வண்டியில் அதுதான் நடந்தது. "சர்வேக்கு முன்பே பிரித்துவிட்டீர்கள், எந்தச் சேதம் வெள்ளத்தால் வந்தது, எது உங்கள் மெக்கானிக் செய்தது என்று எங்களுக்குத் தெரியாது" என்று ஒரே வரியில் கடிதம் வந்தது. வண்டி துருப்பிடித்தால் பிடிக்கட்டும், அது அவர்கள் பொறுப்பு.

இன்னொன்று. சாவியைத் திருப்பியதை இங்கே எழுதியதே தவறு. சர்வேயரிடம் மூச்சு விடாதீர்கள். தண்ணீரில் நின்றது, தொடவே இல்லை, அவ்வளவுதான் பேச்சு.

முட்டம் வள்ளம் | புதன், காலை 6.55

எனக்குக் காரைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது. வள்ளத்தில் ஓட்டும் வெளி எஞ்சினைப் பற்றித் தெரியும். அலையில் வள்ளம் கவிழ்ந்து எஞ்சின் கடலுக்குள் போய்விட்டால் நாங்கள் என்ன செய்வோம் என்று சொல்கிறேன். பொருந்துமா என்று மெக்கானிக் அண்ணன் சொல்லட்டும்.

தண்ணீருக்குள் கிடக்கும்வரை எஞ்சின் பெரிதாகக் கெடாது. வெளியே எடுத்துக் காற்றுப்பட்ட நேரத்திலிருந்துதான் கெடத் தொடங்குகிறது. அதனால், உடனே பழுதுபார்க்க ஆள் கிடைக்கவில்லை என்றால், எஞ்சினைக் கரையில் வெயிலில் வைக்காமல், நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மூழ்க வைத்திருக்கும் பழக்கமும் எங்களிடம் உண்டு. பார்ப்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆள் இருந்தால், கரைக்கு வந்த உடனே நல்ல தண்ணீரால் கழுவி, பிளக்கைக் கழற்றி, பிளக் துளை கீழே பார்க்கும்படி சாய்த்து, கயிற்றை இழுத்து இழுத்து உள்ளே இருப்பதை வெளியேற்றுவோம். பிறகு ஆயில் விட்டு, அன்றைக்கே ஓட்டிவிடுவோம். மறுநாள் பார்க்கலாம் என்று போனவர்கள் எஞ்சினைப் பிறகு பார்க்க வேண்டியதில்லை.

காற்றே இல்லாமல் திடீரெனக் கடல் கரையேறும் கள்ளக்கடல் நாட்களில் எங்கள் தெருவில் நிற்கும் ஆட்டோக்களுக்கும் இதே கதிதான். உப்புத் தண்ணீர் என்றால் ஒயர் இணைப்புகளில் ஒரு வாரத்தில் பச்சை பூத்துவிடும்.

ஓய்வுபெற்ற சர்வேயர் | புதன், காலை 8.30

பல ஆண்டுகள் மோட்டார் சர்வேயராக வேலை பார்த்துவிட்டு இப்போது நாகர்கோவிலில் ஓய்வில் இருக்கிறேன். ரப்பர் பால் கூறியதில் ஒரு பாதி நடைமுறை அனுபவம், மறு பாதி ஆபத்து. இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன்.

பாலிசிப் புத்தகத்தை எடுத்து நிபந்தனைகள் உள்ள பக்கத்தைப் படியுங்கள். வாகனத்துக்கு மேலும் இழப்போ சேதமோ நேராமல் பாதுகாக்க உரிமையாளர் நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுக்க வேண்டும் என்று அதில் இருக்கும். அதே நிபந்தனையின் தொடர்ச்சியாக, விபத்துக்குப் பிறகு பழுது நீக்காமல் ஓட்டி, அதனால் சேதம் கூடினால் அது உரிமையாளரின் பொறுப்பு என்றும் இருக்கும். வெள்ளத்தில் நின்ற காரை மறுபடி ஸ்டார்ட் செய்வதைக் கம்பெனிகள் இந்த இரண்டாம் பகுதியில் கொண்டுவந்து நிறுத்துகின்றன. ஆனால் முதல் பகுதி உங்களுக்குச் சாதகமானது: தண்ணீரை வெளியேற்றுவது உங்கள் கடமை என்றே வாதிடலாம். "துருப்பிடித்தால் அவர்கள் பொறுப்பு" என்பது நேர் எதிராகத் திரும்பும். சும்மா விட்டுவிட்டீர்கள் என்று அந்தத் துருவையே கழிப்பார்கள்.

அந்த மைத்துனர் செய்த தவறு திறந்தது அல்ல, சொல்லாமல் திறந்தது. எனவே இப்படிச் செய்யுங்கள். கிளெய்ம் எண் வாங்கிவிட்டீர்கள் அல்லவா? அந்த எண்ணைக் குறிப்பிட்டு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்: வண்டி எங்கே நிற்கிறது, தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியது, மேலும் சேதம் வராமல் இருக்க சிலிண்டர்களிலிருந்தும் சம்பிலிருந்தும் தண்ணீரை மட்டும் வெளியேற்றப் போகிறேன், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்ற மாட்டேன், நாளை காலை பத்து மணிக்கு வேலை தொடங்கும், அதற்கு முன் பார்வையிட விரும்பினால் வரலாம், வர இயலாவிட்டால் வீடியோ அழைப்பில் பார்க்கலாம். வந்தாலும் வராவிட்டாலும் முழு வேலையையும் வெட்டாமல் வீடியோ எடுங்கள். வடியும் தண்ணீரையும் ஆயிலையும் தெளிவான பாட்டிலில் பிடித்து வையுங்கள். கழற்றிய ஏர் ஃபில்ட்டரைத் தூக்கி எறியாதீர்கள். கதவில் படிந்திருக்கும் சேற்றுக் கோட்டின் அருகே டேப்பை வைத்து ஒரு போட்டோ, அதே டேப்புடன் முன் சக்கரத்துக்கு ஒன்று.

அடுத்தது பொய் சொல்வது. சாவியைத் திருப்பினீர்களா என்று சர்வேயர் நிச்சயம் கேட்பார், ஏனென்றால் அதுதான் அவர் கேட்க வேண்டிய கேள்வி. "இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டு, பிறகு அது பொய் என்று தெரிந்தால், எஞ்சினுக்கு மட்டுமல்லாமல் சீட்டு, கார்ப்பெட், ஒயரிங், ஆல்டர்னேட்டர் என்று நியாயமாகக் கிடைக்க வேண்டியவையும் சேர்ந்து போய்விடும். ஓடிக்கொண்டிருந்தபோதே சத்தத்துடன் நின்றது, பிறகு ஒரே ஒருமுறை திருப்பினேன், சுற்றவில்லை என்று நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள். மெக்கானிக் நண்பர் கூறியபடி, சேதம் முதல் சத்தத்திலேயே வந்திருக்கும் என்பதற்கு அந்த வரிசைதான் சாட்சி.

எஞ்சின் புரொடெக்ட் இல்லாததால் ராடு, பிஸ்டன் செலவு கிடைக்கும் என்று வாக்குறுதி தர இயலாது. வெள்ளத்தால் நேரடியாக வராமல் அதன் பின்விளைவாக வந்தது, அதாவது தொடர்விளைவுச் சேதம், என்ற விலக்கைக் காட்டி மறுப்பார்கள்.

வடசேரிக்காரி | புதன், காலை 9.10

இடையில் ஒரு சிறு கேள்வி. என்னுடையது ஆட்டோமேட்டிக் பெட்ரோல் கார். இப்படி நின்றால் கயிறு கட்டி இழுக்கலாமா?

பதினாலு பதினைந்து | புதன், காலை 9.25

கூடாது, அக்கா. முழு வண்டியையும் மேலே ஏற்றிச் செல்லும் ரிக்கவரி வண்டியைத்தான் அழைக்க வேண்டும். மேனுவல் கார் என்றாலும், கியரில் போட்டு இழுத்து ஸ்டார்ட் செய்ய யாரையும் விடாதீர்கள். அது ஸ்டார்ட்டரை விடக் கொடியது, ஏனென்றால் இழுக்கும் வண்டியின் முழு பலமும் அந்த ராடின் மேல் இறங்கும்.

முட்டத்து நண்பருக்கு: நீங்கள் சொன்னது காருக்கும் அப்படியே பொருந்தும், இரண்டு வேறுபாடுகளுடன். எஞ்சினைச் சாய்க்க இயலாது என்பதால் சிலிண்டரைச் சூடேற்றும் குளோ பிளக், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எல்லாவற்றையும் கழற்றி, ஸ்டார்ட்டரைத் தொடாமல், எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்கின் புல்லி போல்ட்டில் பெரிய சாக்கெட்டும் லிவரும் போட்டு முதலில் கையால் சுற்ற வேண்டும். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தபிறகுதான் ஸ்டார்ட்டரால் சுற்றி மிச்சத்தைப் பீய்ச்ச வேண்டும்; அப்போது அந்தத் துளைகளுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். இரண்டாவது, ஆயில் விடும் அளவு. வள்ளத்து எஞ்சினில் தாராளமாக ஊற்றுவீர்கள். டீசல் எஞ்சினில் சிலிண்டருக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் விடக்கூடாது. மேலே சொன்ன 19 மில்லிக் கணக்கு ஆயிலுக்கும் உண்டு, ஆயிலும் நசுங்காது.

குளத்தங்கரையான் | புதன், மாலை 7.40

சர்வேயர் ஐயா எழுதச் சொன்னபடியே மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது: "தண்ணீர் வெளியேற்றும் வேலைக்கு ஆட்சேபம் இல்லை, வீடியோ அவசியம், ஹெட் கழற்றக் கூடாது." நான்கு நாள் தொடக்கூடாது என்று தொலைபேசியில் சொன்ன அதே அலுவலகம்தான்.

ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டி இரண்டு விரல்கடை ஏறியிருக்கிறது. நிறம் மாறவே இல்லை.

ரப்பர் பால் | புதன், இரவு 8.15

எழுத்தில் வந்துவிட்டதால் நான் சொன்னதை இந்த அளவில் திரும்பப் பெறுகிறேன். பொய் சொல்லச் சொன்னதையும். ஆனாலும் ஒரு வருத்தம் இருக்கிறது. குழித்துறையில் ஆற்றைக் கடக்கும் தாழ்வான சப்பாத்துப் பாலத்தில் தண்ணீர் ஏறினால் தடுப்பு வைத்துப் போக்குவரத்தை நிறுத்துகிறார்கள். வயல் சாலைகளில் அந்தப் பேருந்தை நிறுத்த யார் இருக்கிறார்கள்?

குளத்தங்கரையான் | வியாழன், இரவு 9.30

இன்று காலை பத்து மணிக்குத் தொடங்கி மதியம் முடிந்தது. பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

சம்பின் டிரெயின் போல்ட்டைத் தளர்த்தியதும் முதலில் வந்தது ஆயில் அல்ல. கால் நிமிடத்துக்குக் கலங்கல் தண்ணீர் கயிறாக இறங்கியது. பிறகு திடீரெனக் கறுத்து ஆயில் வந்தது. கண்ணாடி பாட்டிலில் பிடித்தோம். அடியில் ஒரு விரல் உயரத்துக்குச் சேறு படிந்திருக்கிறது. இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கையால் சுற்றியபோது மூன்றாம் சிலிண்டரிலிருந்து தண்ணீர் பொங்கி வழிந்தது. இரண்டாவதில் சிறிது இருந்தது. ஒன்றும் நான்கும் உலர்ந்திருந்தன. அதன்பின் ஸ்டார்ட்டரால் சுற்றினோம், மூன்றிலிருந்து பந்தல் உயரத்துக்குப் பீய்ச்சியது.

பிறகு மெக்கானிக் நேரான மெல்லிய கம்பி ஒன்றை ஒவ்வொரு இன்ஜெக்டர் துளையிலும் விட்டு, பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது கம்பியில் கோடு போட்டார். ஒன்று, இரண்டு, நான்கு ஆகியவற்றில் கோடு ஒரே இடத்தில். மூன்றாவதில் மட்டும் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் வேறுபாடு. அந்தப் பிஸ்டன் முழு உயரத்துக்கு வரவில்லை.

பதினாலு பதினைந்து | வியாழன், இரவு 10.05

மூன்றாம் ராடு வளைந்திருக்கிறது, சந்தேகமே இல்லை. சிலர் இந்த நிலையிலும் "ஓடுகிறது அல்லவா, ஓட்டுங்கள்" என்பார்கள். ஓடும். குளிரில் சற்றுப் புகை விடும், அந்தச் சிலிண்டரில் கம்ப்ரெஷன் குறைவாக இருக்கும், அவ்வளவுதான் தெரியும். நான் பார்த்த ஒரு வண்டி அப்படி ஐந்து மாதம் ஓடியது. ஆறாம் மாதம் ஆரல்வாய்மொழி தாண்டி, வேகத்தில் போகும்போது, வளைந்த ராடு முறிந்து பிளாக்கின் பக்கச்சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. ஒரு ராடு மாற்ற வேண்டிய இடத்தில் முழு எஞ்சின் மாற்ற நேர்ந்தது.

ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றினீர்களா?

குளத்தங்கரையான் | வியாழன், இரவு 10.12

இல்லை. அதிலும் தண்ணீர் இருக்குமா?

பதினாலு பதினைந்து | வியாழன், இரவு 10.30

உங்கள் வண்டியில் இன்டர்கூலர் இருந்தால், அதிலும், காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து வரும் குழாய்களிலும் தண்ணீர் தேங்கியிருக்கும். சிலிண்டரைச் சுத்தம் செய்து, ஆயில் மாற்றி, எல்லாம் சரி என்று ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரை மிதித்த உடனே அந்தத் தண்ணீர் அடித்துக்கொண்டு உள்ளே வரும். புது ராடும் வளையும். குழாய்களை இருபக்கமும் கழற்றி, இன்டர்கூலரைத் தனியே எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். ஆயிலும் ஃபில்ட்டரும் ஒருமுறை மாற்றினால் போதாது. மலிவான ஆயில் ஊற்றிச் சிறிது ஓட்டி வடித்துவிட்டு, மறுபடியும் நல்லதை ஊற்ற வேண்டும். கியர் ஆயிலையும் பாருங்கள், கியர்பாக்ஸின் காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் புகும்.

குளத்தங்கரையான் | அடுத்த மாதம், ஞாயிறு, காலை 11.20

கேட்டிருந்தவர்களுக்காக முடிவை எழுதுகிறேன். இன்டர்கூலரைக் கவிழ்த்தபோது அரை டம்ளர் தண்ணீர் வந்தது. அந்த ஒரு பதிவுக்காகவே மார்த்தாண்டம் அண்ணனுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

சர்வேயர் ஆறாம் நாள் வந்தார். சாவியைத் திருப்பினீர்களா என்று இரண்டாவது கேள்வியாகக் கேட்டார், நடந்ததைச் சொன்னேன், குறித்துக்கொண்டார். அவர் முன்னிலையில் ஹெட்டைத் திறந்து பிஸ்டன்களை வெளியே எடுத்தபோது மூன்றாம் ராடு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளைந்திருந்தது; சிலிண்டர் சுவர்களில் லேசான கறையைத் தவிரத் துரு இல்லை. அதே ஷெட்டில், யாரும் தொடாமல் மூன்று வாரம் காத்திருந்த இன்னொரு காரில் நான்கு பிஸ்டன்களும் இறுகிவிட்டன. மரக்கட்டையை வைத்துத் தட்டித்தான் இறக்கினார்கள்.

சீட்டு, கார்ப்பெட், ஒயரிங், ஸ்டார்ட்டர், ஏர் ஃபில்ட்டர், ரிக்கவரி வண்டி வாடகை ஆகியவற்றைத் தேய்மானம் கழித்து ஒப்புக்கொண்டார்கள். ராடு, பிஸ்டன், ஹெட் கேஸ்கெட் ஆகியவற்றைத் தொடர்விளைவுச் சேதம் என்று மறுத்துவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற சர்வேயர் | ஞாயிறு, மதியம் 12.45

மறுப்பை எழுத்தில் வாங்கியிருக்கிறீர்கள் அல்லவா? முதலில் அதே கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்க இயலாததாக இருந்தாலோ, சென்னையில் உள்ள, இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. அங்கே உங்கள் வாதம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: அலை ஏறி, ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் நின்றபோதே ராடு வளைந்தது, எனவே இது வெள்ளத்தின் நேரடிச் சேதம். இந்த வகை வழக்குகளில் இருவிதமாகவும் தீர்ப்புகள் வந்திருக்கின்றன என்பதால் கிடைத்தே தீரும் என்று நினைத்துக் கடன் வாங்கிவிடாதீர்கள். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி. அதற்கு இரண்டாண்டு அவகாசம் உண்டு.

முட்டம் வள்ளம் | ஞாயிறு, மாலை 4.10

வண்டி இப்போது எப்படி ஓடுகிறது?

குளத்தங்கரையான் | ஞாயிறு, மாலை 6.35

சத்தமில்லாமல் ஓடுகிறது. புதுப்பிக்கும் நாள் தை மாதம்தான் வருகிறது. எஞ்சின் புரொடெக்டுக்கு இப்போதே எழுதி வைத்துவிட்டேன். உள்ளே வயல் சேற்று வாடை மட்டும் இன்னும் போகவில்லை. பின் சீட்டின் ஸ்பாஞ்சைக் கழற்றி நெல் காயப்போடுவதுபோல மொட்டை மாடியில் போட்டிருந்தேன்; இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தூறல் விழத் தொடங்கிவிட்டது, எடுக்கப் போகிறேன்.